உபகாரமா? ஊதியமா?

உபகாரச் சம்பளம்!

நம் பாட்டன்மார் காலத்தில் பென்ஷனுக்கு வழங்கிய பெயர் இது. பழைய அகராதிகளைப் புரட்டினால் இன்றும் காணலாம். முப்பது ஆண்டு, முப்பத்தைந்து ஆண்டு உடல் தேய உழைத்து, தலை நரைத்து, கண் மங்கி வீடு திரும்பியவனுக்கு மாதந்தோறும் கிடைத்த தொகைக்கு 'உபகாரம்' என்று பெயர் சூட்டினார்கள். கொடுப்பவன் வள்ளல், பெறுபவன் இரவலன். கொடுத்தால் வாழ்த்த வேண்டும். கொடுக்காவிட்டால் வாய்மூடிப் போக வேண்டும். அந்த ஒரு சொல்லுக்குள் அவ்வளவும் அடங்கியிருந்தது.

இன்று நாம் வழங்கும் சொல் ஓய்வூதியம். ஓய்விலே இருக்கும்போது வந்தாலும் அது ஊதியம். உழைத்த உழைப்புக்குரிய கூலி. அன்றே தராமல் நிறுத்திவைத்துப் பின்னாளில் தரப்படும் கூலி. உபகாரம் கேட்பவன் கை நீட்டுகிறான். ஊதியம் கேட்பவன் கணக்குக் கேட்கிறான். இவ்விரு சொற்களுக்கும் இடையே கிடக்கும் தொலைவை முதியவர்கள் நடந்தே கடந்திருக்கிறார்கள். தனித்தனியே அல்ல, அணி அணியாக. அந்த நடையின் வரலாற்றை நம் இளைஞர்கள் அறிந்துகொள்ள வேண்டும் என்று விரும்புகிறோம். ஏனெனில், கடந்து வந்த தொலைவைத் திரும்ப நடக்கச் சொல்லும் குரல் இப்போது எழுந்திருக்கிறது.

* * *

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து தொடங்குவோம். கடலூர் நகரத்தின் ஒரு பகுதி. புகைவண்டி நிலையமும் பாடலீசுவரர் கோயிலும் உள்ள ஊர். இவ்வூருக்கு ஒரு புராணக் கதை உண்டு. நாவுக்கரசரைக் கல்லோடு பிணைத்துக் கடலிலே தள்ளினார்களாம். கல் தெப்பமாக மிதந்ததாம். மிதந்து வந்தவர் திருப்பாதிரிப்புலியூரின் பக்கத்திலே கரையேறினாராம். கரையேறிய இடம் இதுதான் என்று கரையேறவிட்டகுப்பம் என்ற ஊரையே காட்டுகிறார்கள். ஏழாம் நூற்றாண்டிலே வாழ்ந்தவரின் கதையைப் பன்னிரண்டாம் நூற்றாண்டிலே சேக்கிழார் பாடி வைத்தார், நாடு நம்பியது.

கல் மிதக்குமா என்று நம் தோழர்களிடம் நாம் கேட்கப் போவதில்லை. அதற்கு விடை பள்ளிச் சிறுவனுக்கும் தெரியும். நாம் கேட்பது வேறு. முதுமை என்னும் கல்லோடு பிணைக்கப்பட்டு, விலைவாசி என்னும் கடலிலே தள்ளப்படும் மனிதன் இருக்கிறானே, அவனைக் கரையேற்றும் கை எது?

அதே திருப்பாதிரிப்புலியூரிலே, அதே கடலூரிலே, தபால் மூட்டை சுமந்தவரும், தந்தி அடித்தவரும், தொலைபேசிக் கம்பம் ஏறியவரும் ஓய்வு பெற்றபின் சங்கம் வைத்துக் கூடுகிறார்கள். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ஆணைகளைப் படிக்கிறார்கள். கைத்தடியை ஊன்றிக்கொண்டு ஆர்ப்பாட்டத்துக்கு வருகிறார்கள். அற்புதத்துக்காக அவர்கள் காத்திருக்கவில்லை. கல் மிதக்காது என்பதை வாழ்ந்து அறிந்தவர்கள் அவர்கள்.

* * *

உபகாரம் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? அதற்கும் கடலூரிலேயே ஒரு சான்று கிடக்கிறது.

தேவனாம்பட்டினத்தில், கெடிலம் கடலோடு கலக்கும் பக்கத்தில், புனித டேவிட் கோட்டையின் எச்சத்தைப் பார்க்கலாம். ஆங்கிலக் கம்பெனி 1690-ல் அதை விலைக்கு வாங்கியது. 1746-ல் சென்னையைப் பிரெஞ்சுக்காரர் பிடித்துக்கொண்டபோது, தென்னாட்டிலே கம்பெனிக்குத் தலைமையிடமாக விளங்கியது இக்கோட்டைதான். 1756-ல் இதன் ஆளுநர் பொறுப்பிலே அமர்ந்தவர் இராபர்ட் கிளைவ். இங்கிருந்து வங்கம் சென்றார், பிளாசியிலே வென்றார், மீர் ஜாபரை நவாபு ஆக்கினார். அந்த நவாபு இறக்கும்போது கிளைவுக்கென்று 5 இலட்சம் ரூபாய் விட்டுச் சென்றார். அந்தப் பணத்தைக் கொண்டு 1770-ல் கிளைவ் ஒரு நிதி அமைத்தார். கம்பெனிப் படையிலே ஊனமுற்ற வீரர்க்கும், இறந்தவரின் மனைவியர்க்கும் உதவும் நிதி!

நல்ல காரியந்தானே என்பீர்கள். நாம் மறுக்கவில்லை. ஆனால் எண்ணிப் பாருங்கள். பணம் யாருடையது? வங்கத்து உழவன் தந்த வரியிலே திரண்டது. உழைப்பு யாருடையது? குண்டடிபட்ட சிப்பாயினுடையது. புகழ் யாருக்கு? கிளைவ் பிரபுவுக்கு! உழைத்தவனுக்குச் சேரவேண்டியது ஒரு பிரபுவின் தயவாக உருமாறி வந்தது. உபகாரச் சம்பளத்தின் பிறப்பு இரகசியம் இதுதான்.

அரசுகளைப் பறித்துக்கொண்ட கம்பெனி, அரசர்களுக்கும் இதே பெயரால் பணம் கொடுத்தது. தஞ்சை சரபோசி 1799-ல் ஆட்சியைக் கம்பெனியிடம் ஒப்படைத்துவிட்டு உதவித்தொகை பெற்றார். ஆர்க்காட்டு நவாபு 1801-ல் அந்நிலைக்கு ஆளானார். அடங்கிக் கிடந்தால் பணம், அசைந்தால் நிறுத்தம். அந்த வழக்கத்தைச் சட்டமாகவே எழுதி வைத்தது 1871-ஆம் ஆண்டின் ஓய்வூதியச் சட்டம். அரசு தரும் ஓய்வூதியம் குறித்த வழக்கை உரிமையியல் நீதிமன்றம் ஏற்கலாகாது. கலெக்டரோ உரிய அதிகாரியோ சான்று கொடுத்தால் மட்டும் ஏற்கலாம். யார்மீது வழக்கோ, அவரிடமே அனுமதிச் சீட்டு வாங்கி வரவேண்டும்! உபகாரத்துக்கு நீதிமன்றம் எதற்கு என்பது வெள்ளைத் துரைத்தனத்தின் எண்ணம்.

* * *

அதே வெள்ளையர் நாட்டிலே பிறந்த ஒருவர் அதற்கு நேர்மாறாகப் பேசினார். அவர் பெயர் நம் தோழர்களுக்குத் தெரியும். வேத நூல்களை அறிவின் உரைகல்லிலே உரைத்துப் பார்த்து 'பகுத்தறிவின் காலம்' எழுதிய தாமஸ் பெயின். அவரே 1792-ல் வெளியான 'மனிதனின் உரிமைகள்' இரண்டாம் பகுதியில், ஐம்பது வயது கடந்த ஏழைக்கு ஆண்டுக்கு 6 பவுனும், அறுபது கடந்தவர்க்கு 10 பவுனும் அரசு தரவேண்டும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். இது தருமமன்று, உரிமை என்பது அவர் வாதம். வாழ்நாள் முழுதும் வாங்கும் பொருளுக்கெல்லாம் வரி கட்டியவன், முதுமையிலே அதன் ஒரு பகுதியைத் திரும்பப் பெறுகிறான்; இதில் பிச்சை எங்கே வந்தது என்று கேட்டார்.

கேள்விக்கு அரசுகள் விடை சொல்ல நூறாண்டு ஆயிற்று. செருமனியில் பிஸ்மார்க் 1889-ல் முதியோர் காப்பீட்டுச் சட்டம் கொண்டுவந்தார். எழுபது வயதானால் பணம். சமதர்மக் கட்சியைத் தடைச் சட்டத்தால் நசுக்க முயன்ற அதே பிஸ்மார்க்! தொழிலாளர் அணி திரண்டதைக் கண்ட அச்சம் அந்தச் சட்டத்துக்குப் பின்னே நின்றது. இங்கிலாந்தில் 1908-ல் சட்டம் வந்தது; எழுபது வயதானவர்க்கு வாரம் 5 ஷில்லிங். அதிலும் ஒரு நிபந்தனை: வேலை செய்யாமல் திரிந்தவன், சிறை சென்று மீண்டவன் ஆகியோர்க்கு இல்லை. எழுபது வயதுக் கிழவன் தன் ஒழுக்கத்துக்குச் சான்று காட்டவேண்டும். உபகாரத்தின் வாடை அப்போதும் போகவில்லை.

முதியவர்களே எழுந்து நின்ற நிகழ்ச்சி அமெரிக்காவிலே நடந்தது. 1933, பொருளாதார மந்தத்தால் வங்கிகள் கவிழ்ந்து, வாழ்நாள் சேமிப்பெல்லாம் கரைந்த காலம். கலிபோர்னியாவின் லாங் பீச் நகரத்தில் வேலையிழந்த முதிய மருத்துவர் பிரான்சிஸ் டவுன்செண்ட் உள்ளூர் நாளேட்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். அறுபது கடந்தவர் ஒவ்வொருவர்க்கும் மாதம் 200 டாலர் கொடுங்கள் என்றார். ஒரு கடிதம்! அது நாடெங்கும் ஆயிரக்கணக்கான டவுன்செண்ட் மன்றங்களாக முளைத்தது. பொருளியல் அறிஞர்கள் அவர் கணக்கைக் கண்டு நகைத்தார்கள். கணக்கிலே பிழை இருந்தது உண்மை. ஆனால் குரலிலே பிழையில்லை. மன்றங்கள் கொடுத்த நெருக்கடியும் சேர்ந்து 1935-ல் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தைப் பிறப்பித்தது. முதியவர் ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்ளத் தொடங்கினால் என்ன ஆகும் என்பதை உலகம் அன்று கண்டது.

* * *

இனி நம் நாட்டுக்கு வருவோம்.

வெள்ளையன் போனான், 1871-ஆம் ஆண்டுச் சட்டம் போகவில்லை. கொடுப்பவன் தயவு என்ற எண்ணமும் போகவில்லை. 1971-ல் பீகார் மாநிலக் கல்வித்துறை அதிகாரி ஒருவர் தொடுத்த தேவகிநந்தன் பிரசாத் வழக்கிலேதான், ஓய்வூதியம் அரசின் விருப்பத்தைப் பொறுத்ததன்று, அது உரிமை, அது சொத்து என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. சுதந்திரம் பெற்று இருபத்து நான்கு ஆண்டுக்குப் பிறகு!

ஆனால் உரிமை என்று சொல்லிவிட்டால் போதுமா? எவ்வளவு உரிமை, யாருக்கு உரிமை என்ற கேள்வி எழுந்தது. 1979 மே 25-ல் மத்திய அரசு ஓர் ஆணை வெளியிட்டது. அதுவரை கடைசி 36 மாதச் சம்பளத்தின் சராசரியைக் கொண்டு ஓய்வூதியம் கணக்கிட்டார்கள். இனிமேல் கடைசி 10 மாதச் சராசரி. சம்பளம் ஏறிக்கொண்டே வருவதால் 10 மாதச் சராசரி கூடுதலாக இருக்கும், ஓய்வூதியமும் கூடும். நல்ல ஆணைதான். ஆனால் அதற்குள்ளே ஒரு கோடு கிழித்தார்கள். 1979 மார்ச் 31 அன்று பணியிலிருந்து, அன்றோ அதன் பிறகோ ஓய்வு பெறுவோர்க்கே இந்தப் புதிய கணக்கு. முந்தின நாளே ஓய்வு பெற்றுவிட்டவர்க்குப் பழைய கணக்கு!

ஒரே அலுவலகம், ஒரே நாற்காலி, ஒரே சம்பளம். ஒருவர் மார்ச் 30-ல் எழுந்து போனார். மற்றவர் மார்ச் 31-ல் எழுந்து போனார். இருவரும் ஒரே கடையில்தான் அரிசி வாங்குகிறார்கள். கடைக்காரன் தேதி பார்த்து விலை சொல்வதில்லை. அரசு மட்டும் தேதி பார்த்தது. பிறந்த சாதியைக் கொண்டு மனிதரைப் பிரித்த நாட்டிலே, ஓய்வு பெற்ற தேதியைக் கொண்டு ஒரு புதுச் சாதி உண்டாக்கினார்கள். முன்னோர் தாழ்ந்தோர், பின்னோர் உயர்ந்தோர்!

பாதுகாப்புத் துறைக் கணக்குப் பணியிலிருந்து 1972-ல் ஓய்வு பெற்ற டி.எஸ். நகரா என்பவர் வழக்குத் தொடுத்தார். அவரோடு படையிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவரும், 'காமன் காஸ்' என்னும் அமைப்பும் சேர்ந்துகொண்டனர். அமைப்புக்கு இங்கே என்ன வேலை என்ற கேள்வி எழாமலில்லை. நீதிமன்றத்தின் படியேற வலுவில்லாத எண்ணற்ற முதியவர்க்காக ஓர் அமைப்பு வழக்காடலாம் என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. இதை நம் தோழர்கள் நன்றாக நினைவில் வைக்கவேண்டும். தனிக் கிழவனுக்கு மூடிய கதவு, அமைப்புக்குத் திறந்தது.

1982 டிசம்பர் 17. தலைமை நீதிபதி சந்திரசூட் தலைமையில் ஐவர் அமர்ந்த அரசியல் சட்ட அமர்வு; தீர்ப்பை எழுதியவர் நீதிபதி டி.ஏ. தேசாய். ஓய்வூதியம் முதலாளி மனமிரங்கிப் போடும் பிச்சையன்று. செய்து முடித்த பணிக்கான கொடுப்பினை. இளமை முழுதும் உழைத்தவன் முதுமையில் தெருவில் நிற்காமலிருக்கச் செய்யும் சமூக நீதி. இதுவே தீர்ப்பின் சாரம். கிழித்த கோடு அழிக்கப்பட்டது. முன்னே போனவர்க்கும் 1979 ஏப்ரல் முதல் புதிய கணக்குப்படி தரவேண்டும் என்று ஆணை பிறந்தது. அந்த டிசம்பர் 17-ஐத்தான் நாடெங்குமுள்ள ஓய்வூதியர்கள் ஆண்டுதோறும் ஓய்வூதியர் நாளாகக் கொண்டாடுகிறார்கள். பஞ்சாங்கத்தில் இல்லாத திருநாள்; பகுத்தறிவாளர் தயங்காமல் கொண்டாடத்தக்க திருநாள்!

இன்னொரு கோடும் இருந்தது. மத்திய அரசு ஊழியர் இறந்தால் மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம் தரும் திட்டம் 1964 சனவரி 1-ல் வந்தது. அதற்கு முன்னே ஓய்வு பெற்றவரின் மனைவிக்கு அது இல்லை. கணவன் எந்தத் தேதியில் ஓய்வு பெற்றான் என்பதைப் பார்த்துக் கைம்பெண்ணுக்குச் சோறு! நகரா தீர்ப்பு காட்டிய வழியிலே கைம்பெண்கள் வழக்காடினார்கள். 1985-ல் அந்தக் கோடும் அழிந்தது.

* * *

டில்லியிலே வந்த தீர்ப்பு, கடலூர்க் கம்பக்காரனின் வீட்டுக்கு எப்படி வந்து சேர்ந்தது? அங்கேதான் சங்கத்தின் வேலை இருக்கிறது.

அஞ்சல் தந்தித் துறை ஊழியர் போராட்டத்துக்குப் புதியவர் அல்லர். 1946 சூலையில் நாடளாவிய வேலைநிறுத்தம். 1960 சூலையில் மத்திய அரசு ஊழியரோடு சேர்ந்து ஐந்து நாள் வேலைநிறுத்தம். 1968 செப்டம்பர் 19-ல் தேவைக்கேற்ற ஊதியம் கேட்டு ஒருநாள் வேலைநிறுத்தம். சிறை சென்றார்கள், வேலை இழந்தார்கள். 1985-ல் அஞ்சல் வேறு, தொலைத்தொடர்பு வேறு என்று துறை இரண்டாயிற்று. 2000 அக்டோபர் 1-ல் தொலைத்தொடர்புப் பணிகள் பி.எஸ்.என்.எல். என்ற நிறுவனமாயின.

அன்று அவர்கள் முன்னே நின்ற கேள்வி இது: நேற்றுவரை அரசு ஊழியன், இன்று கம்பெனி ஊழியன். நாளை ஓய்வூதியம் தருவது யார்? அரசு அழியாது, கம்பெனி மூடப்படலாம். மூடப்பட்டால் முதியவன் எந்தக் கதவைத் தட்டுவான்? ஓ.பி. குப்தா போன்ற தொழிற்சங்கத் தலைவர்கள் இதைத் தெளிவாக உணர்ந்திருந்தார்கள். 2000 செப்டம்பரில் வேலைநிறுத்தம் நடந்தது. ஓய்வூதிய விதிகளிலே 37-ஏ என்ற புது விதி சேர்க்கப்பட்டது. நிறுவனத்துக்கு மாறிய ஊழியர்க்கும் ஓய்வூதியத்தை அரசே தரும் என்பது அதன் பொருள். வேலை செய்துகொண்டிருந்தவர்கள், தங்கள் முதுமைக்காக முன்கூட்டியே நடத்திய போராட்டம் அது.

கதை அத்தோடு முடிந்ததா? இல்லை. 2006 சூன் 15-ல் ஓர் ஆணை வந்தது. பி.எஸ்.என்.எல். நிறுவனத்திடமிருந்து உரிமக் கட்டணமாகவும், ஈவுத்தொகையாகவும், வரியாகவும் அரசுக்கு வரும் தொகையிலே 60 விழுக்காட்டுக்குள்தான் அரசின் ஓய்வூதியப் பொறுப்பு அடங்கவேண்டும் என்றது. நிறுவனத்தின் வருமானம் குறைந்தால் முதியவனின் சோறும் குறையும் என்ற அச்சம் எழுந்தது. கட்டணத்தைக் கம்பக்காரனா வசூலித்தான்? கொள்கையைத் தந்தி அடித்தவரா வகுத்தார்? அந்த நிபந்தனையை நீக்கச் செய்வதற்குப் பத்தாண்டு பிடித்தது. 2016 சூலையில்தான் அது நீங்கியது.

அதற்குள் மீண்டும் ஒரு கோடு! அகவிலைப்படியைச் சம்பளத்தோடு இணைக்கும்போது 68.8 விழுக்காட்டைக் கொள்வதா, 78.2 விழுக்காட்டைக் கொள்வதா என்ற வழக்கு இருந்தது. 2013 சூன் 10-ல் பணியில் இருந்தவர்க்கு 78.2 என்று ஆணை வந்தது. அந்தத் தேதிக்கு முன்னே ஓய்வு பெற்றவர்க்கு இல்லை! 1982-ல் நீதிமன்றம் அழித்த அதே கோடு, அதே அநீதி, வேறொரு தேதியை அணிந்து வந்தது. மனுக்கள் பறந்தன, மாநாடுகள் கூடின, தர்ணாக்கள் நடந்தன. 2016 சூலை 18-ல் முன்னே ஓய்வு பெற்றவர்க்கும் அந்த ஆணை கிடைத்தது. மூன்றாண்டு! எழுபது வயது மனிதனுக்கு மூன்றாண்டு என்பது எவ்வளவு பெரிய தொலைவு என்று எண்ணிப் பாருங்கள். ஆணையைக் காணாமலே கண்மூடியவர் எத்தனை பேர்?

பின்னர், 2020 சனவரி 31. விருப்ப ஓய்வுத் திட்டத்தின் பேரால் பி.எஸ்.என்.எல். ஊழியர் 78,569 பேர் ஒரே நாளில் வெளியேறினார்கள். உள்ளே இருப்போர் தொகை சுருங்கியது. வெளியே வந்தோர் தொகை பெருகியது. 2017 சனவரி முதல் கிடைக்கவேண்டிய ஓய்வூதியத் திருத்தமோ ஆண்டுக்கணக்கில் இழுபறியாயிற்று. முதியோர் சங்கம் பொழுதுபோக்கு மன்றமன்று, போர்ப்பாசறை என்பதைக் காலமே கற்பித்தது.

அப்பாசறையின் படைக்கலம் எது? வாளா, வேலா? அஞ்சலட்டை! சுற்றறிக்கை! தொலைபேசி அழைப்பு! ஊருக்கெல்லாம் செய்தி கடத்தியே வாழ்ந்தவர்கள், இப்போது தம்முள் செய்தி கடத்திக்கொள்கிறார்கள். டில்லி ஆணை ஆங்கிலத்தில் வருகிறது. அதைத் தமிழாக்கிச் சிற்றூரில் இருப்பவனுக்குச் சொல்ல ஒருவர் வேண்டும். கம்பம் ஏறிய தொழிலாளி இறந்துபோகிறான்; மனைவியின் பெயர் ஏட்டிலே ஓர் எழுத்துப் பிழையோடு இருக்கிறது; அந்த ஓர் எழுத்தால் குடும்ப ஓய்வூதியம் நின்றுபோகிறது. எழுத்தறியாத அந்த அம்மைக்குப் படிவம் நிரப்பித் தர ஒருவர் வேண்டும். ஆண்டுக்கொரு முறை, தான் உயிரோடிருப்பதாக முதியவன் சான்று காட்டவேண்டும். முன்பு ஆளே நேரில் போய் நிற்பது வழக்கம். 2014 நவம்பர் முதல் கைரேகை வைத்துக் கணினி வழியே காட்டவும் ஏற்பாடு உண்டு. உழைத்துத் தேய்ந்த விரலிலே ரேகை மங்கிப்போனவனை யார் அழைத்துப் போவது? சங்கத்தில் உள்ள இன்னொரு முதியவன்! அறுபத்தைந்து வயதுக்காரன் எண்பது வயதுக்காரனின் கைபிடித்து நடக்கிறான். இதைவிடச் சிறந்த தொண்டு எந்த மடத்திலே நடக்கிறது என்று கேட்கிறோம்.

* * *

கடலூர் மாவட்டத்திலே இன்னொரு காட்சியும் உண்டு. நெய்வேலியில் 1956-ல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் எழுந்தது. ஆலைகள் பல எழுந்தன. ஆலைத் தொழிலாளர் பலர்க்கு வாய்த்தது 1995 நவம்பர் 16-ல் வந்த தொழிலாளர் ஓய்வூதியத் திட்டம். அதன் கணக்கைக் கேளுங்கள். சம்பளத்தைப் பணியாண்டால் பெருக்கி 70-ஆல் வகுக்கவேண்டும். சம்பளம் எவ்வளவு இருந்தாலும் 2014 செப்டம்பருக்குப் பிறகு 15,000 ரூபாய்தான் கணக்குக்கு உச்ச வரம்பு. 35 ஆண்டு உழைத்தான் என்று வைத்துக்கொண்டாலும் 7,500 ரூபாய். இரண்டாண்டுச் சலுகை சேர்த்தாலும் 8,000-ஐத் தொடாது. விலைவாசி ஏறினால் இது ஏறாது, அகவிலைப்படி இல்லை. குறைந்த அளவு 1,000 ரூபாய் என்று 2014-ல் வைத்தார்கள்; 2024 செப்டம்பர் வந்தபோதும் அதே ஆயிரந்தான்! பத்தாண்டிலே எந்தப் பொருளின் விலை அசையாமல் நின்றது? முதியவனின் மதிப்பு மட்டும் நின்றது.

ஆலையும் அலுவலகமும் காணாதவர் நிலை என்ன? தேவனாம்பட்டினத்து மீனவன், வயலில் நாற்று நட்ட தாய் ஆகியோருக்கு 1962-ல் சென்னை மாநிலம் முதியோர் உதவித்தொகை ஏற்படுத்தியது. மாதம் 20 ரூபாய். 2023-ல் தமிழ்நாட்டில் அது 1,200 ரூபாய் ஆயிற்று. அதற்குப் பெயர் இன்றும் 'உதவி'தான், ஊதியம் அன்று. உபகாரம் என்ற பழஞ்சொல் அரசு அலுவலகத்தை விட்டு வெளியேறி, ஏழையின் குடிசையிலே போய்ப் படுத்துக்கொண்டது.

ஆகவே ஓய்வூதியர் சங்கத்துப் பெரியவர்களுக்கும் ஒரு சொல் சொல்ல விரும்புகிறோம். உங்கள் விழுக்காட்டுக்காக நீங்கள் போராடியது நியாயம். அதே மூச்சிலே, சங்கம் இல்லாத முதியவனுக்காகவும் குரல் கொடுங்கள். உரிமை என்பது சிலர்க்கு மட்டும் என்றால், அதற்குச் சலுகை என்று பெயர். சலுகையைப் பறிப்பது எளிது.

* * *

பறிப்பு நடந்தது என்பதற்கும் சான்று உண்டு. தமிழ்நாட்டில் 2003 ஏப்ரல் 1-க்குப் பிறகு அரசுப் பணியில் சேர்ந்தோர்க்குப் பழைய ஓய்வூதியம் இல்லை என்றார்கள். அவ்வாண்டு சூலையில், ஓய்வூதியம் முதலான உரிமைகள் வெட்டப்பட்டதை எதிர்த்து அரசு ஊழியரும் ஆசிரியரும் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஏறத்தாழ 1,70,000 பேர் ஒரு கையெழுத்தால் வேலையிலிருந்து நீக்கப்பட்டார்கள். 2004 சனவரி 1-க்குப் பிறகு சேர்ந்தோர்க்கு மத்திய அரசும் கதவைச் சாத்தியது. படைவீரர் மட்டும் தப்பினர். உறுதியான தொகை போய், சந்தையின் ஏற்ற இறக்கத்தைப் பொறுத்த தொகை வந்தது. இருபதாண்டுக் கிளர்ச்சிக்குப் பிறகே 2025 ஏப்ரலில் மத்திய அரசு ஓரளவு உறுதி தரும் ஒருங்கிணைந்த திட்டத்தைக் கொண்டுவந்தது.

கவனியுங்கள், தோழர்களே! இம்முறை கோடு கிழிக்கப்பட்டது கிழவர்களுக்கு இடையே அன்று. கிழவர்க்கும் இளைஞர்க்கும் இடையே. 'கிழவர்க்குக் கொடுத்தே கருவூலம் காலியாகிறது. இளைஞனுக்கு வேலை தரப் பணமில்லை' என்று சொல்கிறார்கள். ஓய்வூதியச் செலவு பெரிது என்பது உண்மை. ஆனால் நாம் கேட்கிறோம்: கிழவனுக்குக் கொடுப்பதை நிறுத்திய இடத்திலெல்லாம் இளைஞனுக்கு வேலை மலை மலையாகக் குவிந்துவிட்டதா? 2003-க்குப் பின் சேர்ந்த இளைஞன் ஓய்வூதியத்தை இழந்தானே, அதனால் அவன் தம்பிக்கு வேலை வந்ததா? தந்தைக்கு வரும் ஓய்வூதியத்திலே மகன் தேர்வுக்குப் படிக்கிறான். பேத்தி கல்லூரிக்குப் போகிறாள். அந்தச் சோற்றிலே கை வைத்தால் பசிப்பது ஒரு வயிறு அன்று.

இப்போது வந்திருக்கும் ஆபத்தைச் சொல்கிறோம். 2025 மார்ச்சில் நிறைவேறிய நிதிச் சட்டத்தோடு ஓய்வூதிய விதிகளைச் செல்லுபடியாக்கும் ஒரு பகுதியும் சேர்ந்து நிறைவேறியது. ஓய்வூதியர்களை வகைப்படுத்த, வேறுபடுத்த அரசுக்கு அதிகாரம் உண்டு. ஓய்வு பெற்ற தேதியை அதற்கு அடிப்படையாகக் கொள்ளலாம் என்கிறது அப்பகுதி. உள்ள நடைமுறையையே உறுதி செய்கிறோம், யாருக்கும் இழப்பில்லை என்பது அரசு தந்த விளக்கம். விளக்கம் அவையிலே சொல்லப்பட்டது. அதிகாரம் சட்டத்திலே எழுதப்பட்டது. நாளை வருபவன் விளக்கத்தைப் படிப்பானா, சட்டத்தைப் படிப்பானா? 1982 டிசம்பர் 17-ல் அழிக்கப்பட்ட கோட்டை மீண்டும் கிழிப்பதற்குச் சுண்ணாம்புக்கட்டி எடுத்துக் கொடுக்கப்பட்டிருக்கிறது. ஓய்வூதியர் அமைப்புகள் நாடெங்கும் இதை எதிர்த்துக் குரல் எழுப்பியது இதனால்தான்.

* * *

உபகாரச் சம்பளம் ஓய்வூதியமான வரலாறு இதுதான். கிளைவின் தயவிலே தொடங்கியது. கலெக்டரின் சீட்டிலே சிக்கியது. பெயினின் அறிவிலே ஒளி பெற்றது. நகராவின் வழக்கிலே வென்றது. கடலூரின் பெயரறியாத முதியவர்கள் எழுதிய மனுக்களிலும், ஊன்றிய கைத்தடிகளிலும் உயிர் பெற்று நிற்கிறது. எந்த இடத்திலும் வானத்திலிருந்து எதுவும் விழவில்லை.

இளைஞனே! இருபத்தைந்து வயதிலே முதுமையை எண்ணுவது கடினம் என்பதை நாம் அறிவோம். ஆனால் அந்த வயதிலே எண்ணிய தந்தி ஊழியனால்தான் அவன் முதுமையிலே உணவு இருக்கிறது. உன் தெருவிலே ஒரு முதியவர் ஆணைகளை வைத்துக்கொண்டு படிவம் எழுதத் திணறுவார். அவர் பக்கத்திலே போய் உட்கார். டிசம்பர் 17-ல் அவர்கள் கூட்டம் நடந்தால் போய் நில். நீ சேரப்போகும் வேலையில் ஓய்வூதியம் உண்டா, இல்லையா என்று கேள்; இல்லையென்றால் ஏன் என்று கேள்; கேட்பவர்களோடு சேர்.

கல்லோடு பிணைத்துக் கடலில் தள்ளினாலும் கரையேறலாம் என்றது புராணம். ஆம், கரையேறலாம். திருப்பாதிரிப்புலியூரின் முதியவர்கள் கரையேறிக்கொண்டுதான் இருக்கிறார்கள். கல் மிதந்ததால் அன்று. ஒருவர் கையை ஒருவர் விடாமல் பற்றிக்கொண்டதால்!